சோற்றுக்கடியில் முட்டை

என் ஐம்பதாவது வயதில், ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சேர வேண்டிய அவித்த முட்டையை எடுத்துத் தின்றிருக்கிறேன். தின்றதுகூடப் பெரிய விஷயமில்லை. அந்த முட்டை என் மீதுள்ள தனிப்பட்ட மரியாதையின் பேரில் வைக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் மீசைக்கு மை அடித்துக்கொண்டு போனேன் பாருங்கள், அதைத்தான் இன்றுவரை என் மனைவியிடம் சொல்லவில்லை.

நடந்தது இருங்காட்டுக்கோட்டையில். தொழிற்சாலைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மென்திறன் சொல்லிக்கொடுப்பது அப்போது என் பிழைப்பு. அதாவது, சூப்பர்வைசர் திட்டும்போது எப்படிப் புன்னகைப்பது, புன்னகைத்ததை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்கிற கலைகள். வீடு சென்னையில். வார நாட்களில் இங்கே ஒரு வாடகை அறை. அறைக்கு எதிரில் தகர ஷீட் போட்ட ஒரு மெஸ். அதை நடத்திய அம்மாளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஒரு பெயர் வைத்திருப்பார்கள், நான் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகளிலிருந்து லாரி டிரைவர்கள் வரை எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும்.

ஷிப்ட் விடுகிற நேரத்தில் மெஸ்ஸுக்குள் நிற்க இடம் இருக்காது. தட்டுகளில் சோறு போட்டு மேடை மேல் வரிசையாக வைத்திருப்பார். அன்று நான் அவசரத்தில் ஓரத்தில் இருந்த ஒரு தட்டை எடுத்துவிட்டேன். பாதி சோறு போனபின் அடியிலிருந்து ஒரு முட்டை எட்டிப் பார்த்தது. சுற்றிலும் பார்த்தேன். வேறு யார் தட்டிலும் முட்டை இல்லை. எனக்கு மட்டும், அதுவும் ஒளித்து வைத்து. ஒரு வாரப் பத்திரிகையில் என் நகைச்சுவைக் கட்டுரை வந்திருந்த நேரம் அது. அக்கா அதைப் படித்துவிட்டார் என்று முடிவு செய்தேன். மீசை மை அதன் விளைவு.

மறுநாள் தட்டின் அடிவரை தோண்டினேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் உரிமையோடு, சத்தமாகவே கேட்டேன்: "அக்கா, இன்னிக்கு நமக்கு முட்டை இல்லையா?"

அக்கா கரண்டியோடு வந்து என் காதருகே குனிந்தார்.

"நீ இன்னா சார், முழுகாமயா கீற?"

அடக்கமான குரலில்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் இருந்தவனுக்குப் புரையேறி, அடுத்த நாள் என் வகுப்பில் பின்வரிசை முழுக்க அதே கேள்வியைக் கண்களால் கேட்டது.

விஷயம் பிறகுதான் புரிந்தது. அங்கே சாப்பிடுகிற பெண்களில் பாதிப் பேர் காண்டிராக்ட். மாசமாக இருக்கிறாள் என்ற சேதி லைனுக்குப் போய்விட்டால், நின்றுகொண்டே செய்யும் வேலை உனக்கு ஆகாதம்மா என்று ரொம்ப அக்கறையாகச் சொல்லி, அடுத்த முறை காண்டிராக்டைப் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள். அதனால் வயிறு ஓவர்கோட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்வரை யாரும் வாயைத் திறப்பதில்லை. மெஸ்ஸிலோ பக்கத்துத் தட்டுக்காரன் அதே லைனில் வேலை செய்கிறவனாக இருப்பான். சேதி வெளியே போகக் கூடாது, முட்டை மட்டும் உள்ளே போக வேண்டும். அதற்கு அக்கா கண்ட வழிதான் சோற்றுக்கடியில் ஒளித்து வைப்பது.

யார் மாசமாக இருக்கிறாள் என்பதை அக்காவிடம் யாரும் சொல்வதில்லை. ரசத்துக்குத் தாளிக்கும்போது வாசலில் நிற்கிற பெண்களின் முகத்தைப் பார்ப்பார். எவள் மூக்கைத் திருப்புகிறாளோ அவள் தட்டுக்கு அன்றிலிருந்து முட்டை வந்துவிடும். சிலசமயம் புருஷனுக்குச் செய்தி தெரியும் முன்னமே முட்டை வந்ததுண்டு. வெறும் ஜலதோஷத்துக்கு மூக்கைச் சுளித்த ஒரு பீகார்ப் பெண் இரண்டு மாதம் முட்டை சாப்பிட்டுப் பூரித்துப் போனதும் உண்டு. அவளுக்கு அக்கா பேசுவது புரியாது. அக்காவுக்கு அவள் மறுப்பது புரியவில்லை.

அக்காவின் இன்னொரு வழக்கம், வாசலில் நின்று மோந்து பார்ப்பது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருகிற ஒவ்வொரு ஆண்பிள்ளையும் அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். போலீஸாவது கருவி வைத்திருக்கிறது. அக்காவுக்கு மூக்கே போதும். "ஊது." ஊதுவான். "போ, குடிச்ச எடத்துலயே போய்த் துன்னு." அவ்வளவுதான். பாக்கு, ஏலக்காய், வெங்காயம், எந்த வேஷமும் எடுபடாது. நானும் ஊதியிருக்கிறேன். எம்.ஏ. படித்தவன், மூன்று நிறுவனங்களில் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறவன், ஒரு கரண்டி வத்தக்குழம்புக்காகத் தெருவில் நின்று ஊதியிருக்கிறேன்.

காரணத்தை அவரே ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். "எங்க நெலத்துல பாதி கம்பெனிக்குப் போச்சி சார். மீதி பாதி எங்க வூட்டுக்காரு தொண்டக்குள்ள போச்சி. கம்பெனியாவது காம்பவுண்டு கட்டிக்கினு கண்ணுக்குத் தெரியுது." அந்த மனிதர் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்கு மேல் அவரைப் பற்றிப் பேசவில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

எல்லாவற்றையும்விட அக்காவை அக்காவாக்கியது ஒரு நம்பிக்கை. தன் கையால் போட்ட எதுவும் எவருக்கும் தீங்கு செய்யாது. கடவுள் உண்டா என்று கேட்டால் ஒரு நொடி யோசித்திருப்பார். இதில் யோசனையே கிடையாது. "என் கையில துன்னு எவனுக்காவது வயிறு நொந்துகீதா? கேட்டுப் பாரு." எனக்குச் சர்க்கரை வியாதி என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கிண்ணம் நிறையப் பாயசத்தை முன்னால் வைத்து, "சக்கரயே போடல சார், வெல்லந்தான்" என்றார். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். அந்தப் பார்வைக்கு முன்னால் மருத்துவ அறிவு நிற்காது.

இந்த இடத்துக்குத்தான் மாரி வந்து சேர்ந்தாள்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். வயர் பின்னுகிற லைனில் வேலை. புருஷன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். பெற்றவர்களுக்குச் சொல்லாமல் கட்டிக்கொண்டவர்கள். இரு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ரசம் தாளித்த நாளில் மாரி மூக்கை மட்டுமல்ல, முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு ஓடினாள். மறுவேளையே முட்டை வந்துவிட்டது.

ஆனால் மாரியின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. காலையில் ஒரு டீ, கம்பெனி கேன்டீனில் இரண்டு வாய், ராத்திரி அக்காவின் மிரட்டலுக்குப் பயந்து நாலு வாய். நின்றுகொண்டே வேலை. ஐந்தாம் மாதத்தில் ஒரு சாயந்திரம் தட்டை வாங்கக் கை நீட்டியவள் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"எடி, ஒடம்புல ரத்தமே இல்லியேடி. ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்கோ?"

"ரத்தம் கம்மின்னுதான் நர்ஸம்மா சொன்னாகக்கா. மாத்திர குடுத்திருக்காக. அத முழுங்குனா குமட்டிட்டு வருது. வெளிக்குப் போனாலும் கருப்பாப் போகுதுக்கா, பயமா இருக்கு."

"இன்னா மாத்திர?"

"இரும்புச் சத்தாம்."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், சாட்சிக்கு. "கேட்டியா சார்? கம்பெனியில நல்ல இரும்பே ஒரு மழக்கித் தாங்க மாட்டேங்குது, துரு புடிக்குது. ஈரமான வயித்துக்குள்ள போட்டா இன்னா ஆவும்? அதான் கருப்பா வெளிய வருது. நிறுத்துடி அத!"

நான் சிரித்துவிட்டேன். கார் செய்கிற ஊரில் மட்டுமே பிறக்கக்கூடிய தர்க்கம் அது. சிரித்து முடித்து, "அப்படி இல்லக்கா, கருப்பாத்தான் போகுமாம், சாப்பிட்டதுக்கப்புறம் போட்டா குமட்டாது" என்று ஆரம்பித்தேன்.

"நீ எத்தினி பெத்த சார்?"

அக்காவின் வாயை மீறி ஒரு பேச்சு அந்த மெஸ்ஸில் எழும்பியதில்லை.

அதன்பிறகு அக்கா ஒரு போரே நடத்தினார். விடிகாலையில் கறிக்கடைக்குப் போய் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வாங்கி வருவார். ரத்தம் ஊற அதைவிட மேலான சரக்கு கிடையாது என்பார். மெஸ் பின்னால் நின்ற முருங்கையிலிருந்து கீரை. பேரீச்சம்பழம். எள்ளுருண்டை. கறிவேப்பிலைப் பொடி. பெற்றவள் பக்கத்தில் இல்லாத குறையை ஒரு வேளையில்கூட அந்தப் பெண் உணர்ந்துவிடக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றுமில்லை. என் மனைவி உண்டாகியிருந்தபோது நான் வாங்கிக் கொடுத்தது ஒரு தலையணை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒயின்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அக்கா கருப்புத் திராட்சையைக் கசக்கி, சர்க்கரையும் ஈஸ்டும் பட்டையும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைப்பார். பண்டிகையன்று தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு தம்ளர். எனக்கும் கிடைக்கும். தொண்டையில் இறங்கும்போது நன்றாகவே சுடும். அந்த ஜாடியிலிருந்து தினமும் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி மாரிக்குக் கொடுக்க ஆரம்பித்தார். நிறத்தைப் பார்த்தாலே ரத்தம்தான். உள்ளே போனால் ரத்தமாகத்தானே ஆகும்?

"அக்கா, அது மதுதானே? வயித்துல புள்ள இருக்கும்போது ஒரு சொட்டுகூட ஆகாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்" என்றேன்.

"இது சாராயமா? திராட்சப் பழம் சார். ஜாடியில ஊறிச்சின்னா சாராயமா? அப்ப ஊறுகா இன்னா?"

வாசலில் நின்று ஊரையே மோந்து பார்க்கிற மூக்கு அது. தன் ஜாடியை மட்டும் அது மோந்து பார்க்கவில்லை.

படுக்கப் போகும்போது குடித்தால் தூக்கம் வரும் என்பதால் பாட்டிலை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது ஏற்பாடு. அதை வாங்கிப் போகத் தவறாமல் வந்தவன் மாரியின் புருஷன். வேலை முடிந்ததும் நேரே வருவான், ஊதுவான், முந்தைய நாள் பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொடுப்பான், நிறைந்த பாட்டிலை வாங்கிப் போவான். "பாரு சார், பொண்டாட்டி மேல இன்னா அக்கற! எனக்கு வாச்சதும் கீதே" என்று அக்கா உருகுவார். அவன் தலையைக் குனிந்துகொள்வான். அடக்கமான பையன் என்று நானும் நினைத்தேன்.

ஏழாம் மாதத்தில் ஊர் நர்ஸ் மாரியைத் தேடி வந்தார். பரிசோதனைக்குச் சொன்ன நாளில் போகாமல் ஓ.டி. பார்த்திருந்தாள் அவள். அறையில் காற்று இல்லை என்று மெஸ் பெஞ்சிலேயே உட்கார வைத்துப் பேசினார்கள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாரியின் பையிலிருந்து மாத்திரை அட்டைகள் வெளியே வந்தன. எல்லாம் குடுத்த மேனிக்கு இருந்தன.

"ஏம்மா, ஒண்ணுகூட உடைக்கல? உனக்கு ரத்தம் எவ்ளோ கம்மின்னு தெரியுமா தெரியாதா?"

மாரி அக்காவைப் பார்த்தாள். அக்கா பெருமையோடு முன்னால் வந்தார்.

"நாந்தான் நர்ஸம்மா வேணாம்னேன். அது ஆவல இவளுக்கு. கவலப்படாதீங்கோ, சுவரொட்டி குடுக்கறேன், கீர குடுக்கறேன். தெனம் ராவுல ஒயின் குடுக்கறேன். நானே வூட்ல போட்டது."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அக்கா பதிலுக்குப் போட்டிருப்பார். "அக்கா, நீங்க கீரையும் முட்டையும் குடுத்தது நல்லது. மாத்திரைய நிறுத்தினது தப்பு. கருப்பா போறது மாத்திரையோட கொணம், அதுல பயமே இல்ல. ஆனா ஒயின் எதுக்குக் குடுத்தீங்க? அதனால ரத்தம் ஊறாது. அதுல இருக்கறதும் அந்தச் சாராயம்தான். தாய் குடிச்சா தொப்புள்கொடி வழியா நேரா புள்ளைக்குப் போவும். மூளைக்கு ஆவாது, வளர்த்திக்கு ஆவாது. இவ்ளோ குடிச்சா தப்பில்லன்னு ஒரு அளவே கிடையாதுக்கா."

"புள்ளைக்குப் போவுமா?"

"போவும்."

"அது... வயித்துக்குள்ள கீற புள்ள குடிக்குமா?"

"குடிச்ச மாதிரிதான்."

அந்த நேரம் பார்த்து மாரியின் புருஷன் கழுவிய பாட்டிலோடு வாசலில் வந்து நின்றான். ஊதுவதற்குத் தயாராக வாயைக்கூடத் திறந்திருந்தான். யாரும் மோந்து பார்க்கவில்லை. மாரி தலை நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது என்று அந்தப் பெண் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். மனித மனங்களைப் படிக்கப் பிறருக்குச் சொல்லித் தருகிறவன் அல்லவா!

"இத்தினி நாளு எவ்ளோ போயிருக்கும் நர்ஸம்மா?" என்று அக்கா கேட்டார்.

இனிமேல் வேண்டாம் என்று மட்டும் நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

ஜாடியில் மிச்சம் இருந்ததை அக்கா முருங்கை மரத்தடியில் ஊற்றினார். அதற்குப்பிறகு அந்த மரத்துக் கீரையை மெஸ்ஸில் சமைக்கவில்லை. கேட்டதற்கு, "அது குடிச்சிக்கீது சார்" என்றார். நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதிலிருந்து அக்காவின் கை மாறிப்போனது. எதிரில் நின்று மிரட்டிப் போடுகிறவர், கேட்டுப் போடுகிறவர் ஆனார். "சார், போன்ல பாத்துச் சொல்லு. மாசமா கீறவ எள்ளு துன்னலாமா? கருவாடு? இந்த முட்டயாவது வைக்கலாமா?" முட்டை நல்லதுதான் என்று நர்ஸே சொன்னாரே என்பேன். "இன்னொரு வாட்டி பாரு." பார்த்துச் சொன்ன பிறகும் தட்டுக்கு அடியில் முட்டையை வைத்துவிட்டு ஒருமுறை எடுத்து, மறுபடி வைப்பார். குழம்பில் உப்பு முன்னே பின்னே ஆக ஆரம்பித்தது. அதுவரை உப்புப் பார்க்க அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

மாரிக்கு நாள் கூடுவதற்கு முன்பே வலி எடுத்தது. ஆண் குழந்தை. எடை ரொம்பக் குறைவு என்று சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ரத்தம் குறைவாக இருந்தால் இப்படி ஆகலாம். நின்று வேலை செய்தது, சாப்பிடாதது, இன்னும் என்னென்னவோ இருக்கலாம். இதனால்தான் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்காவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. காரணம் எந்த ஜாடியில் இருந்தது என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அவர் வரவேயில்லை. கஞ்சித் தூக்கை என்னிடம் கொடுத்தனுப்பினார். "யாரு குடுத்தான்னு சொல்லாத. கடைல வாங்கினதுன்னு சொல்லு." மாரி ஒரு வாய் குடித்ததுமே, "அக்கா கை" என்றாள்.

மூன்றாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாரியே மெஸ்ஸுக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து காலியாக இருந்தது. அக்கா கையைக் கழுவினார், முந்தானையில் துடைத்தார், மறுபடி கழுவினார். குழந்தையைக் கையில் வாங்கவில்லை. குனிந்து, தன் மூக்கை அதன் வாயருகே கொண்டுபோனார். ஊரில் உள்ள அத்தனை ஆண்பிள்ளைகளையும் வாசலில் நிறுத்தி மோந்து பார்த்த அதே மாதிரி. குழந்தை கொட்டாவி விட்டது. அக்கா மூச்சை இழுத்து அப்படியே நின்றார். வெளியே ஒரு கன்டெய்னர் லாரி போய் முடிக்கிற வரைக்கும் நின்றார்.

"பால் வாசனதான் சார்" என்றார் என்னிடம்.

அதற்கப்புறமும் மெஸ் நடந்தது. ஆனால் ரசம் தாளிக்கும்போது அக்கா வாசல் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டார். எவளாவது வாயைத் திறந்து கேட்டால் முட்டை உண்டு. எவள் கேட்பாள்? கேட்காமல் வந்ததுதானே அந்த முட்டையின் பெருமை. மாரியின் பையன் தவழ்ந்தான், நடந்தான், மெஸ் பெஞ்சைக் கடித்தான். வயதுக்குக் கொஞ்சம் சின்ன உடம்பு; மற்றபடி வாலு. அவன் ஒரு வார்த்தை தாமதமாகப் பேசினாலும், ஒருமுறை தடுக்கி விழுந்தாலும் அக்காவின் முகம் செத்துப்போகும். "நான் ஊத்திக் குடுத்தது சார்" என்பார். எத்தனை சமாதானம் சொன்னாலும் கடைசியில் அங்கேயே வந்து நிற்பார்.

போன தவக்காலத்தில் அக்கா இறந்துபோனார். நெஞ்சுவலி. பிள்ளைப்பாக்கத்துக் கல்லறையில் வைத்தார்கள். நான் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிற காலம். சேதி கேட்டுப் போயிருந்தேன். மாரியும் புருஷனும் இப்போது குன்றத்தூரில் இருக்கிறார்கள். பையனோடு வந்திருந்தார்கள். அடக்கம் முடிந்து சாலையோரக் கடையில் டீ குடித்தோம். புருஷன் பையனுக்குப் பிஸ்கட் வாங்கப் போனான். எனக்கு மனது பொங்கிக்கொண்டிருந்தது. எழுதுகிறவனுக்கு மனது பொங்கினால் எதிரில் இருப்பவர்கள்பாடு கஷ்டம். அந்த ஒயினை உனக்குக் கொடுத்ததை எண்ணி எண்ணியே அந்த அம்மாள் உருகிப் போனார் மாரி, கடைசிவரை தன்னை மன்னிக்கவேயில்லை என்று தழுதழுத்தேன்.

மாரி டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அதுவா சார்? அத நான் எங்க குடிச்சேன்? அந்த வாடையே எனக்கு ஆகாது. பூராவும் இவுகதான் குடிச்சாக."

டீயைக் கீழே வைத்துவிட்டு, "அதை அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"எப்படி சார் சொல்ல? சொன்னா இவுகள மெஸ்ஸுக்குள்ளயே விட்டிருக்காதே அக்கா. சோத்துக்கு எங்க போவாக? பெறவு சொல்லுவோம் சொல்லுவோம்னு அப்படியே போயிருச்சு. அந்த மாத்திரையத்தான், அக்கா சொல்லுச்சேன்னு நெசமாவே நிப்பாட்டிப்புட்டேன்."

பிஸ்கட்டோடு வந்துகொண்டிருந்த புருஷனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சொன்னாள்:

"ஆனா ஒண்ணு சார், அக்கா சொன்னது சரிதான். இவுகளுக்கு நல்லா ரத்தம் ஊறிச்சு."